படைப்பணியின் மதிப்பை வேலை தருவோருக்கு உணர்த்துவது எப்படி?

ஓய்வூதியர் என்றதும் அறுபது வயதைக் கடந்த ஒருவரே நம் நினைவுக்கு வருவார். ஆனால் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருப்போரில் 38 வயதினரும் உண்டு, 42 வயதினரும் உண்டு. அவர்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணியாற்றி விடைபெற்றவர்கள். படை என்றும் இளமையோடு இருக்க வேண்டும் என்பதற்காக, நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் சீருடையைக் களைந்து வெளியே வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் 35 வயதிலிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் தவணைகள் பாதியில் நிற்கும். ஓய்வூதியமோ கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி. அதிலும் ஒரு பகுதியை முன்னதாகவே மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொண்டிருந்தால், 15 ஆண்டுகள் கழிந்த பிறகே அப்பகுதி மீண்டும் சேரும். ஆகவே இவர்களுக்கு இரண்டாவது வேலை என்பது பொழுதுபோக்கன்று, குடும்பத்தின் தேவை.

இத்தேவையோடு வேலை தேடுபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் காவலாளி வேலைதான். காவல் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது நேர்மையும் விழிப்பும் வேண்டும் பணி. எனினும் 17 ஆண்டுகள் தகவல் தொடர்புக் கருவிகளைப் பழுதுபார்த்த ஒருவர், அந்தத் திறமையைக் கேட்பார் எவருமின்றி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. அத்தகைய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் நிறுவனம் ஒன்று அதே நகரில் இருக்கக்கூடும். இவருக்குத் தம் பணியை அந்நிறுவனத்தின் மொழியில் சொல்லத் தெரியவில்லை. அந்நிறுவனத்துக்கு இவருடைய மொழி புரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளையே இக்கட்டுரையில் காண்கிறோம்.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். 'கம்பெனி' என்றால் படையில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட ஒரு பிரிவு; ஊரில் அது ஒரு வணிக நிறுவனம். 'கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாராக மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன்' என்று விண்ணப்பத்தில் எழுதினால், படிக்கும் மனிதவள அலுவலருக்கு அதில் விளங்குவது 'மூன்று ஆண்டுகள்' என்பது மட்டுமே. உண்மையில் அந்தப் பொறுப்பு என்ன? ஒரு கம்பெனியின் உணவுப் பொருள், உடை, கூடாரம், படுக்கை, கருவிகள் முதலிய அனைத்தையும் பெற்று, பதிவேட்டில் ஏற்றி, உரியவர்களுக்கு வழங்கி, மீதியைக் கணக்குக் காட்டுவது. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் கிடங்கில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவரே. இதையே, 'நூற்றுக்கும் மேற்பட்டோருக்குரிய பொருள்களின் கொள்முதல், இருப்பு, வழங்கல் ஆகியவற்றை மூன்று ஆண்டுகள் நிர்வகித்தேன். ஆண்டுத் தணிக்கைகளில் இருப்பு வேறுபாடு எழவில்லை' என்று எழுதினால், கிடங்கு மேலாளரைத் தேடும் எந்த நிறுவனமும் அந்த விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைக்கும். வேறுபாடு எழவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே அவ்வாறு எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லடாக்கில் பணியாற்றியவர்களின் அனுபவம் இதைவிடச் செறிவானது. குளிர்காலத்தில் மலைக் கணவாய்கள் பனியால் அடைபடுவதால், பல மாதங்களுக்கு வேண்டிய உணவு, எரிபொருள், மருந்து ஆகியவற்றைக் கோடை முடிவதற்குள் மேலே கொண்டு சேர்த்துவிட வேண்டும். எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். எது முதலில் கெடும், எதை எங்கே அடுக்க வேண்டும் என்று திட்டமிட வேண்டும். குறைந்துவிட்டால் கடைக்குச் சென்று வாங்கி வர வழியில்லை. பண்டக வழங்கல் நிறுவனங்களும் இணைய வணிக நிறுவனங்களும் நாள்தோறும் எதிர்கொள்வது இதே சிக்கலின் எளிய வடிவத்தைத்தான். ஆனால் இந்த வேலையில் பங்கேற்ற வீரர் பலரும் நேர்காணலில் 'லே பகுதியில் இருந்தேன், சார்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

பிற பணிகளுக்கும் இவ்வாறே மறுபெயர் உண்டு. உஸ்தாத் என்று இளம் வீரர்கள் அழைக்கும் பயிற்சியாளர், தொழிற்சாலையின் பாதுகாப்புப் பயிற்சியையோ பணியாளர் பயிற்சியையோ நடத்தத் தகுதி பெற்றவர். ஒன்றும் அறியாத பத்தொன்பது வயது இளைஞர்களைக் குறித்த வாரங்களுக்குள் குறித்த தரத்துக்குக் கொண்டுவந்து பழகியவர். மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் பிரிவில் வண்டிகளைப் பழுதுபார்த்தவர், உதிரிபாகம் கிடைக்காத இடத்திலும் வண்டியை ஓட வைத்தவர். படை எழுத்தர் பல நூறு பேரின் விடுப்பு, ஊதியம், பதவி உயர்வு, குடும்ப விவரங்கள் ஆகியவற்றைப் பராமரித்தவர். மனிதவளத் துறை என்று நிறுவனங்கள் அழைப்பது பெரும்பாலும் இந்தப் பணியையே. படைத் தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் இணையான குடிமைத் தொழில் எது என்பதைப் பட்டியலிட்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் வெளியிட்டுள்ளது. டி.ஜி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இவ்வமைப்பின் பட்டியலை விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நலம்.

தமிழகத்திலிருந்து படைக்குச் சென்றவர்களிடம் இன்னொரு திறமையும் உண்டு. அதை அவர்கள் திறமை என்றே எண்ணுவதில்லை. ஊரை விட்டுப் போகும்போது தமிழ் மட்டுமே அறிந்திருந்தவர், திரும்பும்போது இந்தியில் சரளமாகப் பேசுகிறார். பஞ்சாபியரோடும் அஸ்ஸாமியரோடும் ஒரே கூடாரத்தில் வாழ்ந்திருக்கிறார். வட மாநிலத் தொழிலாளர்கள் மிகுதியாகப் பணிபுரியும் திருப்பூர், கோயம்புத்தூர், ஓசூர் ஆலைகளில் மேற்பார்வையாளராக அமர்த்துவதற்கு இதைவிடப் பொருத்தமான தகுதி ஏது? சான்றிதழ் இல்லாத தகுதிதான். விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினால் போதும், நேர்காணலில் பேசிக் காட்டிவிடலாம்.

நேர்காணலில் படைவீரர்களுக்கே உரிய ஒரு தடை குறுக்கிடுகிறது. 'நான் செய்தேன்' என்று சொல்வதைப் படை வாழ்க்கை கற்றுக்கொடுப்பதில்லை. 'நாங்கள் செய்தோம்', 'யூனிட் செய்தது' என்பதே அங்கே பண்பு. ஆனால் வேலை தருபவர் யூனிட்டை அமர்த்தப் போவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரைத்தான் அமர்த்தப் போகிறார். எனவே குழுவின் பணியைச் சொல்லிவிட்டு, அதில் தம்முடைய பங்கு இன்னதென்று தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும். இது தற்புகழ்ச்சி அன்று. கேட்ட கேள்விக்கான விடை. நிலைமை என்ன, தமக்கு இடப்பட்ட பணி என்ன, தாம் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற வரிசையில் ஐந்தாறு நிகழ்ச்சிகளை முன்னதாகவே எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பது பயன் தரும். கேட்பவர் படையோடு தொடர்பில்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குப் புரியாத சொல் எதுவோ, அது மேலாளருக்கும் புரியாது.

வேலை தருபவர் வெளிப்படையாகக் கேட்காத ஐயம் ஒன்றும் உண்டு. 'இவர் கட்டளையிட்டே பழகியவர். இருபத்தெட்டு வயது மேலாளரின் கீழ் பணிபுரிவாரா? எல்லோரையும் அதட்டுவாரோ?' என்பதே அது. இந்த ஐயத்தை வாதத்தால் போக்க முடியாது, எடுத்துக்காட்டால் போக்கலாம். நாயிப் சுபேதார் ஒருவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் தம்மைவிடப் பதினைந்து வயது இளைய லெப்டினென்டுக்கு மரியாதையோடு கீழ்ப்படிகிறார். அதே வேளையில் அந்த இளம் அதிகாரிக்குத் தெரியாததைப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறார். கீழே உள்ள வீரர் ஒருவரின் தாய்க்கு உடல்நலமில்லை, இன்னொருவர் விடுப்பு கிடைக்காத வருத்தத்தில் இருக்கிறார், இருவரிடையே மனக்கசப்பு. இவற்றையெல்லாம் பேசித் தீர்க்கிறார். வெறும் கட்டளையால் முப்பது பேரை ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்ல இயலாது என்பது படையில் இருந்த அனைவருக்கும் தெரியும். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை. இளைய மேலதிகாரியின் கீழ் இணக்கமாகப் பணியாற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், கேட்கப்படாத அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. பணியாற்றிய முகாம்களின் துல்லியமான அமைவிடம், படைக்கலங்களின் விவரம், நடவடிக்கைகளின் போக்கு ஆகியவற்றை விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ குறிப்பிடுவது பொருந்தாது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும். 'வடக்கு எல்லைப் பகுதி', 'உயர்மலைப் பகுதி' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். துருவித் துருவிக் கேட்கும் இடத்தில் 'இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை' என்று பணிவுடன் மறுப்பதும் ஒரு நற்சான்றுதான். தம் நிறுவனத்தின் இரகசியமும் இவரிடம் பாதுகாப்பாக இருக்கும் என்று கேட்பவர் உணர்வார்.

சொல்லுக்குத் துணை நிற்பவை ஆவணங்கள். படைவிடுப்புப் புத்தகத்தில் பணிக்காலம், தொழில், முடித்த பயிற்சிகள் ஆகியவற்றோடு நன்னடத்தை மதிப்பீடும் இடம்பெறும். மிகச் சிறந்த நடத்தை என்ற மதிப்பீடு பெற்றவர்கள் அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே குறிப்பிடலாம். பல ஆண்டுகள் ஒருவரை அருகிலிருந்து கண்ட அமைப்பு தரும் சான்று அது. அதற்கு ஈடான சான்றைத் தனியார் துறையில் எவரும் எளிதில் கொண்டுவர இயலாது. இதனுடன் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஓய்வூதிய ஆணை, பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது. பெயரின் எழுத்துக் கூட்டலும் பிறந்த தேதியும் படை ஆவணம், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒன்றாக உள்ளனவா என்பதை இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறியிருப்பதால் பணி ஆணை தாமதமாகும் வேதனை தவிர்க்கத்தக்கதே.

சில திறமைகளுக்கு ஆவணம் இல்லாவிட்டால் மதிப்பே இல்லை. படையில் கனரக வண்டி ஓட்டியவர், படை உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியார் லாரியையோ பேருந்தையோ ஓட்ட முடியாது. அவ்வுரிமத்தின் அடிப்படையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் குடிமை உரிமம் பெற வழி உள்ளது. அதைப் பணியில் இருக்கும்போதே செய்து முடிப்பது எளிது. படை மருத்துவமனைகளில் செவிலிய உதவியாளராக இருந்தவர், செவிலியர் குழுமத்தில் பதிவு பெறாமல் செவிலியர் என்ற பெயரில் பணியாற்ற இயலாது. ஆயினும் மருத்துவமனை நிர்வாகம், தொழிற்சாலை முதலுதவி மையம் போன்றவற்றில் அவருடைய அனுபவத்துக்கு இடமுண்டு. ஓய்வு பெறும் முன்னரே சேரக்கூடிய பயிற்சிகளை டி.ஜி.ஆர். நடத்துகிறது; அதிகாரிகளுக்கு இந்திய மேலாண்மைக் கழகங்கள் போன்றவற்றில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புகளும், ஏனைய வீரர்களுக்குப் பல்வேறு தொழிற்பயிற்சிகளும் அவற்றுள் அடங்கும். எந்தப் பயிற்சியை எடுத்தாலும், கணினியில் கடிதம் எழுதவும் கணக்குத் தாள் தயாரிக்கவும் கற்றுக்கொள்வதைத் தவிர்க்க வேண்டாம். பல விண்ணப்பங்கள் தட்டிக் கழிக்கப்படுவது இந்த ஒரு குறையால்தான் என்பது நம் கருத்து.

அரசுத் துறையிலும் பொதுத்துறையிலும் நிலைமை வேறு. அங்கே சட்டப்படியான இடஒதுக்கீடு உள்ளது. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு உரியது. பொதுத்துறை வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் 'சி' பிரிவில் 14.5 விழுக்காடும், 'டி' பிரிவில் 24.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன, இவற்றில் 4.5 விழுக்காடு, ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் உயிர் நீத்தோரின் குடும்பத்தினருக்கும் உரியது. வங்கிகளின் ஆயுதக் காவலர் பணிக்கு மட்டுமே தாங்கள் தகுதியானவர்கள் என்று முன்னாள் வீரர்கள் பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. எழுத்தர் தேர்வுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்பது பொது விதி; ஆனால் பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படையில் பணியாற்றி, படையின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் பெற்றவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். வயதும் தடையாவது அரிது. படைப்பணி ஆண்டுகளும் அதற்கு மேல் 3 ஆண்டுகளும் சலுகையாகச் சேர்வதால், 38 வயதில் 17 ஆண்டுப் பணியோடு ஓய்வு பெறும் ஒருவர் 28 வயது வரம்புள்ள தேர்வையும் எழுதலாம். இவ்வளவு இருந்தும் இந்த ஒதுக்கீட்டு இடங்கள் முழுமையாக நிரம்புவதில்லை. தகுதி இல்லாததால் அன்று, எழுத்துத் தேர்வுக்கான பயிற்சி இல்லாததால் என்றே நாம் கருதுகிறோம். ஓய்வுக்கு முந்தைய ஓராண்டில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு ஆகியவற்றைப் பயின்றால் இந்நிலை மாறும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். முன்னாள் வீரர் என்ற சலுகையைப் பயன்படுத்தி ஓர் அரசுப் பணியில் சேர்ந்த பின், அடுத்த பணிக்கு அதே ஒதுக்கீட்டைக் கோருவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. சேர்வதற்கு முன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவ்விவரங்களைச் சேரும் நாளிலேயே நிர்வாகத்துக்கு எழுதித் தர வேண்டும். கிடைத்த முதல் சிறு பணியில் அவசரப்பட்டுச் சேர்ந்துவிட்டு, பின்னர் வந்த நல்ல வாய்ப்பை இழந்தவர்கள் உள்ளனர்.

எங்கே பதிவு செய்வது? மாவட்ட அளவில் சைனிக் நல அலுவலகம் இயங்குகிறது. தமிழகத்தில் அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எனப்படுகிறது. தரைப்படையினருக்கு ஆர்மி வெல்ஃபேர் பிளேஸ்மென்ட் ஆர்கனைசேஷன், கடற்படையினருக்கு இந்தியன் நேவல் பிளேஸ்மென்ட் ஏஜென்சி, விமானப்படையினருக்கு ஏர்ஃபோர்ஸ் பிளேஸ்மென்ட் செல் ஆகியவை வேலை தேடித் தருகின்றன. டி.ஜி.ஆர். பல நகரங்களில் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. இவை அனைத்தையும் விட்டுவிட்டு, 'முன்பணம் கட்டினால் உடனே வேலை' என்னும் இடைத்தரகரை நாடுவது ஆபத்து. ஓய்வு பெற்ற சில மாதங்களில் பணிக்கொடையும் மொத்தத் தொகையும் கணக்கில் வந்து சேர்வதை அறிந்தே சிலர் அணுகுகின்றனர். வேலைக்காகப் பணம் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாயும் செலுத்த வேண்டாம். பெருந்தொகையை எடுக்கும் முன் கிளை மேலாளரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். பதினேழு ஆண்டுகளின் சேமிப்பு பதினேழு நாள்களில் கரைந்த கதைகள் வங்கியாளர்கள் அனைவருக்கும் தெரியும்.

இந்தப் பிரச்சினை விரைவில் இன்னும் பெரிதாகும். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்தனர். அவர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் 25 விழுக்காட்டுக்கு மிகாதவர்களே நிரந்தரப் பணியில் தொடர்வர் என்பது திட்டத்தின் விதி. மற்றவர்கள் 22, 23 வயதில், ஓய்வூதியம் இன்றி, ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடும் திறன் சான்றிதழோடும் வெளியே வருவர். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஹவில்தாரிடம் உள்ள நீண்ட அனுபவம் இவர்களிடம் இராது. ஆனால் கற்கும் வயதும், காலந்தவறாத பழக்கமும், கடினமான இடத்தில் தங்கிப் பணிபுரியும் மனமும் இருக்கும். இவர்கள் தங்களை அனுபவசாலிகளாகக் காட்டிக்கொள்ள முயலாமல், பயிற்சிக்கு ஏற்றவர்களாக முன்னிறுத்துவதே பொருத்தம். சேவா நிதியின் ஒரு பகுதியை மேற்படிப்புக்கோ தொழிற்சான்றுக்கோ ஒதுக்குவது, முழுத் தொகைக்கும் வண்டி வாங்குவதைவிட நல்ல முதலீடு.

நம் வாடிக்கையாளர்களில் சிறு, குறுந்தொழில் நடத்துவோர் பலர் உள்ளனர். அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முன்னாள் படைவீரர் ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், 'எந்த ரேங்க்?' என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருந்தார், எந்தப் பொருள்களுக்குக் கணக்குக் காட்டினார், எந்தக் கருவியைப் பழுதுபார்த்தார், யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று கேளுங்கள். படைவிடுப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். புரியாத இடத்தில் அவரையே விளக்கச் சொல்லுங்கள். ஐயம் இருப்பின் அடையாள அட்டையை மாவட்ட நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். உங்களுக்கு வேண்டிய தகுதியை அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், பதிவு செய்துள்ளவர்களில் பொருத்தமானவர்களின் பட்டியலைப் பெறவும் முடியும்.